காற்று வருமுன் களஞ்சியம் நிரம்பட்டும்

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் காவு கொண்டது. மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு வீழ்ந்தது. மீன்பிடிப் படகுகளில் ஐந்தில் ஒன்று அழிந்தது. நட்ட தென்னை காய்க்கப் பல்லாண்டுகள் வேண்டும். காற்று ஓரிரவில் ஓய்ந்தது. அது விட்டுச் சென்ற வறுமை ஓயவில்லை.

அந்தப் பாடத்தை ஆள்வோர் கற்பதற்கு 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் வேண்டியிருந்தது! அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. அமைச்சுகளும் திணைக்களங்களும் அனர்த்தத் திட்டம் வகுத்தல் வேண்டுமென அச்சட்டம் விதிக்கின்றது. நன்று. ஆனால், கோவைக்குள் உறங்கும் திட்டத்தால் படுவான்கரைக் குடியானவனுக்கு யாது பயன்? 2025 நவம்பரில் டித்வா புயல் நாடெங்கும் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட பின்னரும் இக்கேள்வியை எழுப்பாதிருத்தல் தகாது.

எழுவான்கரையையும் படுவான்கரையையும் வாவி பிரிக்கின்றது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் மக்கள் படகுப்பாதையையே நம்பியிருந்தனர். பாலம் வந்தது, எனினும் வெள்ளம் வீதியை மூடினால் பாலத்தை அடைவதெங்ஙனம்? முகத்துவாரம் மணலால் அடைபட்டிருப்பின் வெள்ளம் வடிவதும் தாமதமாகும். பட்டினத்திலிருந்து அரிசி மூடை வாவியைக் கடக்கும்வரை குழந்தையின் பசி பொறுத்திராது.

எனவே நாம் கேட்பவை மூன்று. வடகீழ்ப் பருவமழைக்கு முன், ஒக்டோபரிலேயே, உணவும் மருந்தும் தறப்பாளும் படுவான்கரையில் களஞ்சியப்படுத்தப்படல் வேண்டும். தஞ்சமடைய வேண்டிய கட்டடம் எது, உதவும் படகு யாருடையது, முதியோரையும் கர்ப்பிணிகளையும் அழைத்துச் செல்வோர் யார் என்பன ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் தமிழில் எழுதி ஒட்டப்படல் வேண்டும். நிவாரணப் பட்டியல் பகிரங்கமாக வெளியிடப்பட்டு, பெயர் விடுபட்டவர் முறையிட வழியும், அதற்கு விடையளிக்கத் தவணையும் வகுக்கப்படல் வேண்டும்.

நிவாரணம் பிச்சையன்று, வரியிறுக்கும் குடிமக்களின் உரிமை. உரிமையைக் கேட்போர் தம் கடமையையும் மறத்தலாகாது. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும், மீனவர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் ஊர்தோறும் இன்றே ஒன்றுகூடித் தொண்டர்களைத் தெரிவு செய்யட்டும். தமிழர் கூரை, முஸ்லிம் கூரை என்று காற்று பார்ப்பதில்லை; நாமும் பாராதிருப்போம்.

அடுத்த சூறாவளி நாள் குறித்து வாராது. நமது ஆயத்தத்துக்கு நாள் குறிப்பது நம் கையிலேயே உள்ளது.