கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்தால்...

குழந்தைக்கு உடம்பு சுட்டால் என்ன செய்கிறோம்? நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம், தெர்மாமீட்டர் வைக்கிறோம், பால் குடித்ததா, வயிறு சரியாக இருக்கிறதா என்று யோசிக்கிறோம். எடுத்த எடுப்பில் ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டால் மட்டும், "ஃபார்மட் அடிச்சிருங்க, சரியாயிரும்" என்று யாரோ ஒருவர் சொல்ல, நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஃபார்மட் என்றால் சிலேட்டை ஈரத்துணியால் துடைக்கிற மாதிரி. வைரஸும் போகும், பிள்ளையின் முதல் பிறந்த நாள் படமும் அதோடு போகும்.

கீரமங்கலம் பக்கத்துச் சகோதரி ஒருத்தி, போன மாதம் ஒரு மஞ்சள் பையில் லேப்டாப்பை வைத்து எடுத்துக்கொண்டு புதுக்கோட்டையில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். தங்கை பிளஸ் டூ படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டம் நினைவிருக்கும். அதில் வந்த லேப்டாப்தான் நம் மாவட்டத்தில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர். தங்கை கல்யாணமாகிப் போய்விட்டாள், லேப்டாப் அக்கா வீட்டில் தங்கிவிட்டது.

"எல்லாம் போயிருச்சுக்கா. கடையில காட்டுனேன். ஃபார்மட் அடிக்கணும், ஐநூறு ரூபா ஆகும்னாங்க. மனசு கேக்கல, தூக்கிட்டு வந்துட்டேன்."

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை. மகன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களெல்லாம் அதில்தான். இன்னொன்றும் இருந்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயலை நம் பக்கத்தில் யார் மறப்பார்கள்? கீரமங்கலம், ஆலங்குடி, கொத்தமங்கலம் என்று தென்னையும் பலாவும் விழுந்து கிடந்ததை நானும் போய்ப் பார்த்தேன். அதற்கு முன்னால் அவளுடைய அப்பா தோப்பில் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அந்த லேப்டாப்பில் இருந்தன. "அப்பாவும் இல்ல, அந்த மரமும் இல்ல. படம் மட்டும்தான்க்கா இருந்துச்சு" என்றாள்.

விஷயம் நடந்தது இப்படி. பையனின் ஆதார் நகலை பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவை ஒரு ஜெராக்ஸ் கடையில் செருகியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டதும் பென்டிரைவிலிருந்த ஃபோல்டர்களுக்கெல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறி. இரண்டு நாளில் லேப்டாப்பின் டி டிரைவிலும் அதே கதை. திறந்தால் ஒன்றுமில்லை.

இந்த அம்புக்குறி ஒரு நல்ல அறிகுறி. நல்லது என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வகை வைரஸ் பெரும்பாலும் எதையும் அழிப்பதில்லை. நிஜ ஃபோல்டரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு போலியை வாசலில் உட்கார வைக்கும். நாம் ஃபோல்டர் என்று நினைத்து அதை அழுத்தினால், அழுத்துவது வைரஸையே. அது கம்ப்யூட்டருக்குள் குடியேறி, அடுத்துச் செருகுகிற ஒவ்வொரு பென்டிரைவிலும் தன் குட்டியைப் போட்டு அனுப்பும்.

படங்கள் உள்ளே இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். டிரைவின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்டீஸ்' பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஒன்றிரண்டு கே.பி. அளவுள்ள அம்புக்குறிகள்தான்; ஆனால் நிரம்பிய இடம் பல ஜி.பி. என்று காட்டினால் உங்கள் சொத்து பத்திரமாக உள்ளேயே இருக்கிறது. பானை மேலே காலியாகத் தெரிந்தாலும் தூக்கினால் கனக்கிறது, அவ்வளவுதான். அவளுடைய டி டிரைவில் 19 ஜி.பி. காட்டியது. அதைச் சொன்ன பிறகுதான் அவள் காபி டம்ளரைக் கையில் எடுத்தாள்.

கையால் தூக்கிப் போய்த் தொற்ற வைப்பது ஒன்றும் புதிதில்லை. 1986-இல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் எழுதிய 'பிரெய்ன்' என்பதுதான் ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸ் என்பார்கள். ஃப்ளாப்பி தட்டில் ஏறி ஊர் ஊராகப் போனது. வேடிக்கை என்னவென்றால், தங்கள் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாம் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள்! இப்போது வருகிறவர்களுக்கு அந்த நாணயம் கிடையாது.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகி வைப்பார்களே, அதுதான் முதல் வேலை. இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். பென்டிரைவை எடுத்துத் தனியே வையுங்கள், வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம். அந்த லேப்டாப்பில் பாங்க் வேலை பார்த்திருந்தால், பாஸ்வேர்டை ஃபோனிலிருந்து மாற்றுங்கள். நோய் பிடித்த லேப்டாப்பிலேயே உட்கார்ந்து மாற்றினால் புதுச் சாவியையும் திருடனிடம் கொடுத்த மாதிரி.

அடுத்ததாக நிறையப் பேர் உடனே ஒரு ஆன்டிவைரஸை ஓட விடுவார்கள். நான் அதைச் செய்யவில்லை. முதலில் படங்களை வெளியே எடுப்போம் என்றேன். பத்து வருஷத்துக்கு மேலான லேப்டாப், அதன் ஹார்ட் டிஸ்க்குக்கும் அதே வயது. மணிக்கணக்காக ஸ்கேன் ஓடும்போது டிஸ்க் கண்ணை மூடிவிட்டால், வைரஸ் விட்டுவைத்ததும் போய்விடும். காதை வைத்துக் கேளுங்கள். 'கடக், கடக்' என்று சத்தம் வந்தால் லேப்டாப்பை அணைத்துவிட்டு, டேட்டா எடுத்துத் தருகிற விவரமான ஆளிடம் காட்டுவதே மேல்.

படங்களை எப்படி எடுப்பது? விண்டோஸைத் திறந்தால் வைரஸும் சேர்ந்து எழுந்துகொள்ளும், புது பென்டிரைவுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதனால் விண்டோஸைத் தூங்க விட்டுவிட்டு லினக்ஸில் எழுப்பினோம். லினக்ஸ் மின்ட் இலவசம். நோயில்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் அதை இறக்கி, பென்டிரைவில் போட்டுக்கொள்ள வேண்டும். லேப்டாப்பில் அதைச் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12 பொத்தானைத் தட்டினால் (கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பொத்தான் மாறும்) எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும். பென்டிரைவைக் காட்டிவிட்டு, 'இன்ஸ்டால்' என்பதை மட்டும் தொடாதீர்கள். விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் அங்கே எழுந்திருக்காது, அது மறைத்து வைத்த ஃபோல்டரெல்லாம் சாதாரணமாகவே கண்ணுக்குத் தெரியும். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால் இதை அரை மணியில் செய்துகொடுக்கும்.

எங்களுக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. 2 ஜி.பி. நினைவகம்தானே, மாட்டு வண்டி மாதிரி போயிற்று. படம், வீடியோ, டாக்குமென்ட் இவற்றை மட்டும் ஒரு புது ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். அம்புக்குறிகளையும், எந்தப் புரோகிராமையும் எடுக்கவில்லை. அப்பா படம் வந்ததும் அவள் ஒன்றும் பேசவில்லை. தோளில் துண்டு, பின்னால் வரிசையாகத் தென்னை. "இந்த மரம் நான் பொறந்தப்ப வச்சதாம்" என்று ஒன்றை மட்டும் காட்டினாள். தங்கை கல்யாண வீடியோ ஒன்று பாதியிலேயே நின்றுவிட்டது. அது வைரஸ் செய்த வேலையில்லை, டிஸ்க்கில் அந்த இடமே பழுது.

மறைக்காமல் நிஜமாகவே அழித்திருந்தால்? அப்போதும் முழுக்க நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. அழித்த இடத்தின் மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை, 'ஃபோட்டோரெக்' என்ற இலவசக் கருவி பல படங்களைத் தேடி எடுத்துவிடும். பெயர்கள் மட்டும் போய், எல்லாம் நம்பராக வரும். ஆகவே அந்த டிரைவில் புதிதாக ஒன்றும் சேமிக்காதீர்கள்.

பொல்லாதது ஒன்று இருக்கிறது. ஃபைல் பெயர்களின் வாலில் புரியாத எழுத்துகள் சேர்ந்து, எதுவும் திறக்காமல், பணம் கட்டு என்று ஒரு சீட்டு வந்தால் அது ரான்சம்வேர். 2017 மே மாதம் 'வானாக்ரை' என்று உலகத்தையே ஆட்டியது இந்த ஜாதிதான். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள்கூட ஸ்தம்பித்தன. பணம் கட்டினால் படம் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பூட்டிய ஃபைல்களை அப்படியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ஐரோப்பியப் போலீசும் சில கம்பெனிகளும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' அமைப்பு சில வகைகளுக்கு இலவசச் சாவி தருகிறது. இன்று இல்லாத சாவி பின்னால் வரலாம். பணம் பறிபோயிருந்தால் 1930-க்கு உடனே ஃபோன் செய்யுங்கள். திரையில் "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று வந்தால் மட்டும் கூப்பிடவே கூடாது.

படங்கள் வெளியே வந்த பிறகு, அதே ஃபார்மட்டைத் தாராளமாகச் செய்தோம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு மருந்து நின்றுவிட்டது, விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. அதனால் லினக்ஸையே நிரந்தரமாகப் போட்டுவிட்டேன். அரசு லேப்டாப் பலவற்றில் 'பாஸ்' என்ற நம் நாட்டு லினக்ஸும் சேர்ந்தே வந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை! பழைய பென்டிரைவிலிருந்த மறைந்த படங்களையும் அதிலேயே எடுத்துக்கொண்டு, பிறகு அதைத் துடைத்தோம். விண்டோஸ்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' 2017-இலிருந்து இலவசச் சுத்திகரிப்புக் கருவிகள் தருகிறது.

"எனக்கு இதெல்லாம் வருமாக்கா?" என்றாள். அவள் அம்மா தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நாளில், அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்றவர். தாவணியும் புடவையுமாய்ப் பெண்கள் சைக்கிளில் போவதைப் பார்த்து ஊரே சிரித்ததாம். அதை நினைவுபடுத்தியதும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது பையனுக்கு லினக்ஸில் படம் வரையக் கற்றுக்கொடுக்கிறாள். ஹார்ட் டிஸ்க்கின் இரண்டாவது நகல் தங்கை வீட்டில்.

ஜெராக்ஸ் கடைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். என் வீட்டில் ஒரு பழைய 4 ஜி.பி. பென்டிரைவுக்குப் பிளாஸ்திரி ஒட்டி 'கடை' என்று எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பிரிண்ட் எடுக்க வேண்டிய தாள் மட்டும்தான் அதில் இருக்கும். திரும்பி வந்ததும் கம்ப்யூட்டரில் செருகாமல், ஓ.டி.ஜி. கேபிளில் ஃபோனோடு இணைத்து அங்கேயே துடைத்துவிடுவேன். பிறகு அது அஞ்சறைப்பெட்டி பக்கத்து ஆணியில் தொங்கும்.