படிப்பும் பகுதிநேர வேலையும்

பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் மாணவி வேலைக்குச் செல்லலாமா? "கூடாது" என்பது எளிது. ஆனால் வருமானம் நின்றுபோன வீட்டில் அச்சொல் உலையை ஏற்றாது.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் என் தந்தை நோயுற்றார். இரண்டு வேலைகள் கிடைத்தன. ஒன்று, இரவு ஒன்பது மணி வரை துணிக்கடையில் நிற்பது. மற்றொன்று, தெருவிலுள்ள சிறுவர் நால்வருக்கு மாலையில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித் தருவது. இதில் கடைச் சம்பளத்தில் பாதிகூடக் கிடையாது.

14 வயது நிறைந்து 18 ஆகாதோரை இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்கிறது 2016இல் திருத்தப்பட்ட சட்டம். அதை நான் பின்னரே அறிந்தேன். அன்று நான் பார்த்தது ஒன்றே: இரவு ஒன்பதுக்குமேல் புத்தகம் திறக்க என்னால் இயலுமா? இயலாது. ஆகவே கணக்கையே தேர்ந்தேன்.

பற்றாக்குறைக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அந்த உறுத்தல் இன்னும் உண்டு. ஆயினும் வளையலை மீட்கலாம். இழந்த படிப்பு நேரத்தை மீட்க முடியுமா?

தோழியரே, வேலை தேட நேர்ந்தால் சம்பளத்தை மட்டும் எண்ணாதீர்கள். அது உங்களிடமிருந்து எந்த நேரத்தை எடுக்கிறது என்றும் எண்ணுங்கள். பெற்றோரே, நீங்களும் எண்ணுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி