நாவல் எழுதணுமா, ரீல்ஸ் போடணுமா? பாரதியே போட்ட பிசினஸ் பிளான்!

காக்களூர் தொழிற்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஷிஃப்ட் முடித்து, திருப்பாச்சூர் வீட்டுக்குத் திரும்பும் ஒருவர் நாவல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1 மணி நேரம் கிடைத்தாலே பெரிசு. அதில் எழுதுவதா, எழுதியதை விற்பதா?

'எழுத்தாளன் எழுதினா போதும், விக்கிறது பதிப்பகத்தோட வேலை' என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம முன்னோடிகளே அப்படி இருக்கவில்லை.

1920-ல் பாரதியார் தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டம் போட்டார். தீப்பெட்டி, மண்ணெண்ணெய் போல புத்தகமும் சாதாரணமா விற்கணும் என்பது அவர் கணக்கு. முதலுக்குக் கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கையே அனுப்பினார். இன்றைய பாஷையில் கிரவுட் ஃபண்டிங்! பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவரே மறைந்துவிட்டார்.

சி.சு.செல்லப்பா கதை இன்னும் கடினம். 1959 முதல் 1970 வரை 'எழுத்து' இதழை நடத்தியவர், புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். 'சுதந்திர தாகம்' நாவலையும் சொந்தமாகத்தான் வெளியிட்டார். அதற்கு சாகித்ய அகாதெமி விருது வந்தது 2001-ல். அவர் இறந்தது 1998-ல்.

சுஜாதாவும் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதினவர்தானே என்று கேட்கலாம். உண்மை. ஆனா அவரை வாசகர் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வாரப் பத்திரிகைகள் இருந்தன. இன்று அந்த வேலையும் எழுதுறவர் தலையில்தான்.

காசுக் கணக்கையும் பார்த்துடலாம். 200 ரூபாய் புத்தகம், 10% ராயல்டி, 300 பிரதி விற்றால் கைக்கு வருவது 6,000 ரூபாய். இதுக்காக தினமும் ரீல்ஸ் எடுத்து அந்த 1 மணி நேரத்தைக் கரைப்பது நஷ்ட வியாபாரம். புத்தகம் வந்த சமயத்தில், சென்னை புத்தகக் காட்சியை ஒட்டி, கூச்சப்படாம விற்கலாம். எழுதும் மாதங்களில் வேண்டாம். முக்கியமா, லைக் பார்த்து அடுத்த அத்தியாயத்தை மாத்துற பழக்கம் வந்துட்டா, கடைசியில் விற்பதற்கே நல்ல சரக்கு இருக்காது.

மார்க்கெட்டிங்கைவிட பலர் கோட்டைவிடுவது ஒப்பந்தத்தில். எத்தனை பிரதி அச்சடிக்கிறார்கள், விற்பனைக் கணக்கு எப்போது தருவார்கள், மின்னூல், ஆடியோ உரிமை யாருக்கு? கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்றையும் கேட்க 10 நிமிஷம் போதும்.