"பேக்கப் இருக்கு டாக்டர்"னு சொன்னாங்க

1/ இன்னைக்கு சுகர், பிரஷர் பத்தி எழுதப் போறதில்ல. ஆஸ்பத்திரி, ஸ்கூல், கடை, உங்க வீடுன்னு எல்லா இடத்துலயும் தினமும் சொல்ற ஒரு பொய்யைப் பத்தி எழுதப் போறேன். "அதெல்லாம் பேக்கப் இருக்கு." சொல்றவங்களுக்கே அது பொய்னு தெரியாது. அதுதான் ஆபத்தே.

2/ நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு அரசு மருத்துவமனை. இதயத்துல செயற்கை வால்வு வெச்ச ஒரு அக்கா மாசாமாசம் வருவாங்க. இவங்களுக்கு ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை உண்டு. டோஸ் கூடினா ரத்தக்கசிவு. குறைஞ்சா வால்வுல ரத்தக்கட்டி, பக்கவாதம் வரைக்கும் போகும். ஐ.என்.ஆர்.னு ஒரு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து அரை மாத்திரை, கால் மாத்திரையா ஏத்தி இறக்குவோம். அவங்களோட 3 வருஷக் கணக்கும் ஓபி கம்ப்யூட்டர்ல இருந்துச்சு.

3/ ஒரு திங்கட்கிழமை காலைல ஒரு ஃபைலும் திறக்கல. ரான்சம்வேர். ஃபைலை எல்லாம் பூட்டிட்டு, சாவி வேணும்னா காசு கொடுன்னு கேக்குற வைரஸ். "பயப்படாதீங்க டாக்டர், பேக்கப் இருக்கு"ன்னாங்க. எங்கன்னு பார்த்தா, அதே சிபியூவுல வருஷக்கணக்கா சொருகியே கிடந்த ஹார்ட் டிஸ்க். வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டியிருந்துச்சு. பீரோவுல ஒரு பென் டிரைவ் இருந்துச்சு. திறந்தா உள்ள வெறும் ஷார்ட்கட். ஐகான் இருக்கு, ஃபைல் இல்ல.

4/ அந்த அக்கா வந்தப்ப, "பழைய நோட்டு எங்கம்மா?"ன்னு கேட்டேன். "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனி நோட்டு வேண்டாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

ஆமா. நான்தான் சொன்னேன். வாராவாரம் ரத்தம் எடுத்து மறுபடி டோஸைப் பிடிச்சோம். நல்லவேளை, ஒண்ணும் ஆகல. ஆனா ஒவ்வொரு வாரமும் அவங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. எங்க அலட்சியத்துக்கு பில் கட்டினது அவங்க.

5/ பழி யார் மேல விழுந்துச்சு தெரியுமா? ஒப்பந்த சம்பளத்துல இருந்த டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் தம்பி மேல. எனக்குக் கோபமே இங்கதான். அவருக்கு ரெண்டாவது டிஸ்க் யாரும் வாங்கித் தரல. எப்ப எடுக்கணும், எங்க வைக்கணும்னு யாரும் எழுதித் தரல. "அதுல இருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துக் காட்டுப்பா"ன்னு நான் உட்பட ஒரு டாக்டரும் கேட்டதில்ல.

6/ அதே ஆஸ்பத்திரி வார்டுல க்ராஷ் கார்ட் இருக்கு. உயிர் காக்கிற அவசர வண்டி. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சிஸ்டர் திறந்து பார்ப்பாங்க. லாரிங்கோஸ்கோப் பல்ப் எரியுதா, சிலிண்டர்ல ஆக்சிஜன் இருக்கா, அட்ரினலின் எக்ஸ்பைரி ஆயிடுச்சா? பார்த்துட்டு நோட்டுல கையெழுத்து. "வண்டி இருக்கு சார்"னு சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டோம். பேக்கப்புக்கு மட்டும் ஏன் அந்த நோட்டு இல்ல?

7/ "பெரிய இடத்துல இப்படி நடக்காது"ம்பீங்க. 2017 ஜனவரி 31. கிட்லேப், உலகம் முழுக்க சாஃப்ட்வேர் ஆட்கள் பயன்படுத்துற நிறுவனம். ஒரு இன்ஜினியர் தெரியாம மெயின் டேட்டாபேஸை அழிச்சுட்டார். 5 வழியில நகல் ஏற்பாடு வெச்சிருந்தாங்க, ஒண்ணும் ஒழுங்கா வேலை செய்யலன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. 6 மணி நேரத்துக்கு முன்னாடி வேற வேலைக்கு எடுத்த ஒரு நகல்தான் காப்பாத்துச்சு.

2025 செப்டம்பர்ல தென்கொரியாவோட டேஜான் அரசு டேட்டா சென்டர்ல தீ. அரசு ஊழியர்களோட ஃபைல் 858 டெராபைட் அங்க இருந்துச்சு. அளவு ரொம்பப் பெருசுன்னு வெளிய நகலே வைக்கல. எல்லாம் போச்சு.

8/ நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ்ல ரான்சம்வேர். கிட்டத்தட்ட ரெண்டு வாரம் எல்லாமே கையால எழுதினாங்க. ஆனா பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர்ல இருந்து இ-ஹாஸ்பிடல் டேட்டாவை மீட்டாச்சுன்னு அரசு நாடாளுமன்றத்துல சொல்லுச்சு. "பாதிக்கப்படாத"ங்கிற வார்த்தையை கவனிங்க. எங்க டிஸ்க்குக்கு இல்லாம போனது அதுதான்.

9/ "ஃபண்டு இல்ல டாக்டர்." ரெண்டு ஹார்ட் டிஸ்க் விலை, ஒரு விழாவுக்கு ஆகுற ஃபிளெக்ஸ், சால்வை செலவைத் தாண்டாது.

"கிளவுட்ல இருக்கு." பல நேரம் அது வெறும் சிங்க். இங்க அழிச்சா அங்கயும் அழியும். கூகுள் போட்டோஸ் ஆப்புல ஒரு போட்டோவை டெலீட் பண்ணினா கிளவுட்ல இருக்கிற நகலும் குப்பைக்குப் போயிடும்.

10/ சரி, என்ன செய்யணும்?

- 3 நகல், 2 வேற வேற சாதனம், அதுல 1 வேற கட்டடத்துல.
- எத்தனை நாள் டேட்டா போனா தாங்க முடியும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ஓபின்னா ஒரு நாள்கூட தாங்காது, அதனால தினமும் எடுக்கணும்.
- எடுத்ததும் டிஸ்க்கைக் கழட்டிடுங்க. ரெண்டு டிஸ்க்கை மாத்தி மாத்திப் பயன்படுத்துங்க.
- நோயாளி விவரம்னா பாஸ்வேர்டு போட்டுப் பூட்டணும். சொந்த வாட்ஸ்அப்புல ஏத்தக்கூடாது.
- மாசம் ஒரு தடவை வேற கம்ப்யூட்டர்ல சில ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்க. தேதி போட்டு கையெழுத்து. ஆபரேட்டர் மட்டும் இல்ல, பொறுப்பு அதிகாரியும் போடணும்.

11/ உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, அலர்ஜி விவரத்தைத் தூக்கிப் போடாதீங்க. போட்டோ எடுத்து வீட்டுல இன்னொருத்தர் போன்லயும் வையுங்க. "கம்ப்யூட்டர்ல இருக்கு, நோட்டு வேண்டாம்"னு எந்த டாக்டர் சொன்னாலும், நானே சொன்னாலும், கேக்காதீங்க.

அடுத்த தடவை யாராவது "பேக்கப் இருக்கு"ன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கடைசியா எப்ப அதுல இருந்து திரும்ப எடுத்துப் பார்த்தீங்க?" தேதி சொல்லத் தெரியலன்னா, அங்க பேக்கப் இல்லன்னே வெச்சுக்கோங்க.