எரிந்த தேவாலயங்களும் எஞ்சிய இசையும்

பிளாக் மெட்டல் என்றதும் பலரது நினைவுக்கு வருவது இசையன்று, நெருப்பு. 1992 ஜூன் மாதம் நார்வேயின் பெர்கன் நகரத்து ஃபான்டோஃப்ட் மரத் தேவாலயம் எரிந்து சாம்பலானது. தொடர்ந்து வேறு தேவாலயங்களும் எரிக்கப்பட்டன. 1993 ஆகஸ்டில் மேஹெம் குழுவின் கித்தார் கலைஞர் யூரோனிமஸ் ஆஸ்லோவில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் பர்சம் என்ற பெயரில் தனியொருவராக இசைத்துவந்த வார்க் விக்கர்னெஸ். இந்த ஈராண்டுகளையே சுற்றிவந்து, ஓர் இசைமரபின் வரலாற்றைக் குற்றப் பதிவேடாக்கிவிட்டார்கள்.

பெயரே நார்வேயில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த வெனம் குழு 1982இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பு அது. வெனம் குழுவினருக்குச் சாத்தான் ஒரு மேடை வேடம், அவ்வளவே. சுவீடனின் பாத்தரி, சுவிட்சர்லாந்தின் ஹெல்ஹாமர், பிரேசிலின் சார்கோஃபாகோ என அந்த வேடம் கைமாறியது. நார்வே இளைஞர்கள் அதை வேடமென்று ஏற்க மறுத்தார்கள். விபரீதம் அங்கேதான் தொடங்கியது.

புதுமையும் அங்கேதான் தொடங்கியது. டார்க்த்ரோன் 1991இல் வெளியிட்ட முதல் தொகுப்பு, ஸ்டாக்ஹோமின் சன்லைட் கூடத்தில் பதிவான, நேர்த்தியான டெத் மெட்டல். மறு ஆண்டே அந்த நேர்த்தியைக் குழு உதறியது. மெலிந்து கரகரக்கும் கித்தார், எங்கோ தொலைவிலிருந்து வரும் அலறல். கேட்பவர்கள் இதனை வசதியின்மை என்று எண்ணுவதுண்டு. நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு இது. தந்தியை இடைவிடாது அதிவேகமாக மீட்டும்போது தனித்தனிச் சுரங்கள் கரைந்து ஒரே திரையாகின்றன. முரசு விரைகிறது, சுரக்கோவையோ மெல்ல நகர்கிறது. இத்தனை வேகத்திலிருந்து பனிவெளியின் அசைவின்மை பிறப்பதே இவ்விசையின் சாதனை.

ஆகவே கலையை வைத்துக்கொண்டு கலைஞரை விட்டுவிடலாம் என்பது ரசிகர்களின் வாதம். அது அத்தனை எளிதன்று. விக்கர்னெஸின் வெறுப்பு இளமைக் கோளாறாக முடிந்துவிடவில்லை. 2009இல் விடுதலையான அவர், இன வெறுப்பைத் தூண்டியதற்காக 2014இல் பிரான்சில் தண்டனை பெற்றார். எம்பரர் குழுவின் முரசுக் கலைஞர் ஃபாஸ்ட் 1992இல் லில்லெஹாமரில் தன்பால் ஈர்ப்புடைய ஒருவரைக் கொன்றார். தண்டனை முடிந்து, 2014இல் அதே குழுவோடு மேடையேறியபோது அரங்கம் ஆர்ப்பரித்தது. யூரோனிமஸின் முகம் சட்டைகளில் அச்சாகிறது. லில்லெஹாமரில் மாண்டவரின் பெயர் ரசிகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இம்மரபைக் குற்றப் பதிவேடாக்கியோரும் அவரை மறந்தார்கள், புனிதமாக்கியோரும் மறந்தார்கள்.

மரபு மட்டும் நிற்கவில்லை. கோர்கொரோத் குழுவில் பாடிய கால் 2008இல் தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்தார். 2013இல் அமெரிக்காவின் டெஃப்ஹெவன் இளஞ்சிவப்பு அட்டையோடு ஒரு தொகுப்பை வெளியிட்டது. கொலைகளைப் பொறுத்துக்கொண்ட தூய்மைவாதிகள் சிலரால் அந்த நிறத்தைப் பொறுக்க முடியவில்லை!

மேஹெமின் முதல் முழுநீளத் தொகுப்பு 1994இல், யூரோனிமஸ் இறந்தபின் வெளிவந்தது. கித்தார் அவருடையது, பேஸ் கித்தார் விக்கர்னெஸுடையது. மகனைக் கொன்றவனின் வாசிப்பை நீக்குமாறு பெற்றோர் வேண்டினர். முரசுக் கலைஞர் ஹெல்ஹாமர் ஒப்புக்கொண்டார், ஆனால் நீக்கவில்லை. தொகுப்பில் இன்றும் இருவரும் சேர்ந்தே ஒலிக்கிறார்கள்.