மூடைக் கணக்கும் மீதிக் கணக்கும்

ஒரு போகம் முடிந்ததும் எம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "ஏக்கருக்கு எத்தனை மூடை?" என்பதாகும். "கடன் போக என்ன மிஞ்சியது?" என்று கேட்பவர் குறைவு. நவீன விவசாயத்தைப் பற்றிய பேச்சை இந்த இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது எமது கருத்து.

புதிய முறையால் விளைச்சல் கூடியதை நாம் மறுக்கவில்லை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. 1958இல் எச் 4 நெல்லினமும், பின்னர் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தின் குட்டை இனங்களும் வந்தன. பச்சைப்பெருமாள் விளைந்த அளவைவிட அவை கூடுதலாக விளைந்தன. ஆனால் அவை பசளையையும் கூடுதலாகக் கேட்டன. 1962இல் பசளை மானியம் ஆரம்பமாயிற்று. 2005இல் 50 கிலோ பசளை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. மலிவாகக் கிடைத்தவரை, விளைச்சலில் மண்ணின் பங்கு எவ்வளவு, பசளைப் பையின் பங்கு எவ்வளவு என்று நாம் பிரித்துப் பார்க்கவில்லை.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. நவம்பர் இறுதியில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. "யூரியா இன்றி விவசாயமே இல்லை" என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டினர். நாம் கற்ற பாடம் வேறு. விலைக்கு வாங்கும் பொருளையே முற்றாக நம்பிய வயல், அப்பொருள் நின்ற அன்றே விழுந்துவிடும்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பாகும். 1990இல் வீரமுனையையும் அயற் கிராமங்களையும் விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் வீட்டை மட்டும் இழக்கவில்லை. மாடு போனதும் எரு போயிற்று. விதைநெல் போனதும் விதையும் கடைச் சரக்காயிற்று. கைமுதல் இல்லாதவர் பசளையையும் கிருமிநாசினியையும் கடனுக்கு எடுக்கிறார். அறுவடை நேரத்தில், விலை மிகவும் இறங்கியிருக்கையில், கடன் கொடுத்தவருக்கே நெல்லை அளக்கிறார். உழவு இயந்திரத்துக்கும் வெட்டும் இயந்திரத்துக்கும் கூலி கொடுத்த பின் வீட்டுக்கு வருவது என்ன?

காணியின் நிலையும் அத்தகையதே. ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுத்தவர் வைக்கோலை உழுது புதைத்து, பயறு விதைத்து மண்ணை வளர்த்தால், அடுத்த போகத்தில் அதன் பலன் யாருக்கு? ஆகவே அவர் உடனே பலன் தரும் யூரியாவையே போடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மண் கெடுவதற்கு விவசாயியின் அறியாமையே காரணம் என்பவர்கள், அவருடைய காணி உறுதியையும் கடன் கொப்பியையும் பார்ப்பதில்லை.

வழி இல்லாமலும் இல்லை. கிருமிநாசினி சிலந்திகளைக் கொன்றதால் கபிலநிறத் தத்தி பெருகியதைக் கண்ட இந்தோனேசியா, 1986இல் 57 நாசினிகளை நெல்லுக்குத் தடைசெய்தது. பின்னர் விவசாயிகளுக்கு வயலிலேயே பயிற்சியும் கொடுத்தது. விளைச்சல் வீழவில்லை. பயிற்சியோடு வந்த மாற்றத்துக்கும் திடீர்த் தடைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

எமது வாய்க்கால்களிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 1981இல் குளத்தில் நீர் குறைந்திருந்தபோது, கல்லோயா இடதுகரை விவசாயிகள் குழுக்களாகச் சேர்ந்து வாய்க்கால்களைத் துப்புரவாக்கினர். மேல்வாய்க்காலில் சிங்கள விவசாயிகள் மிச்சப்படுத்திய நீர் கடைவாய்க்காலில் இருந்த தமிழ் விவசாயிகளுக்கும் கிடைத்தது. இன்று ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் தமிழரும் முஸ்லிம்களும் அவ்வாறு சேர முடியாதா?

தனியாகவும் சிலவற்றைத் தொடங்கலாம். வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே திருப்புவோம். பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. நல்ல வரம்பிலிருந்து விதைநெல்லை எடுத்து வைப்போம். இலையின் நிறத்தைப் பார்த்து யூரியாவைப் பிரித்துப் போடுவோம். பசளையை ஒரே போகத்தில் விட்டுவிடும்படி எவரையும் நாம் கேட்கவில்லை. போகத்துக்குப் போகம் சிறிது குறைத்து, செலவை எழுதி வைத்துப் பாருங்கள்.

மற்றவை எமது கையில் மட்டும் இல்லை. பல ஆண்டுகளுக்கு எழுத்தில் அமைந்த குத்தகை, இழந்த காணிகளுக்கு உறுதி, நெல்லை இன்னாருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையில்லாத கடன் ஆகிய மூன்றையும் கமக்காரர் அமைப்புகள் ஒரே குரலில் கேட்க வேண்டும். காணி நாளையும் தன்னிடம் இருக்கும் என்று நம்புகிறவனே மண்ணைக் காப்பான்.