கரண்டு வைப்பது

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் ஆஸ்பத்திரிச் சீட்டு எது வந்தாலும் வாசித்துச் சொல்வது என் வேலை. சென்ற ஆண்டு வந்தது அத்தையின் சீட்டு: மலக்குடலில் புற்றுநோய்.

அத்தை சிவகாசிப் பக்கம் பயர் ஆபீஸில் வேலை செய்பவர். எட்டு மாதமாக இரத்தம் போயிருக்கிறது. யாரிடம் சொல்வது என்ற கூச்சம். கடைசியில் போன இடத்தில் சோதித்துப் பாராமலே, மூலம் என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விரலால் ஒரு நிமிடம் சோதித்திருந்தால், தாழ்வாக இருந்த அந்தக் கட்டி அன்றே தட்டுப்பட்டிருக்கும்.

மதுரை டாக்டர், "முதலில் ஐந்து வாரம் கதிர்வீச்சு, அப்புறம் ஆபரேஷன்" என்றார். எங்கள் பக்கத்தில் இதற்குக் 'கரண்டு வைப்பது' என்று பெயர். கரண்டு வைத்தால் ஆள் தேறாது என்பது ஊரார் தீர்ப்பு. "முதல்ல கட்டிய அறுத்து எறியச் சொல்லுடா" என்றார் மாமா.

நியாயமான கேள்விதான். கோபால்ட் 60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு என்று எழுதி மதிப்பெண் வாங்கிய எனக்கே பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். மலக்குடல் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. சுற்றிலும் தாராளமாக வெட்டியெடுக்க இடமில்லை. கண்ணுக்குத் தெரியாத நோய்ச் செல்கள் தங்கினால் அங்கேயே மறுபடி முளைக்கும். முன்கூட்டியே கதிர் கொடுத்தால் அவை அழியும், கட்டியும் சுருங்கும். 1997-இல் வெளியான சுவீடன் ஆய்வில், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 100-க்கு 27 பேருக்கு ஐந்தாண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது; அறுவைக்கு முன் ஐந்தே நாள் கதிர் பெற்றவர்களில் 11 பேருக்குத்தான். கதிரும் மருந்தும் அறுவைக்குப் பின் கொடுத்தால் 13, முன் கொடுத்தால் 6 என்றது 2004-இல் ஜெர்மன் ஆய்வு. மாமாவிடம் இந்த எண்களைத்தான் சொன்னேன். இது நமக்குப் புதிய வைத்தியமும் அன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1957-லேயே கோபால்ட் கருவி வந்துவிட்டது.

ஆனால், நண்பர்களே, மாமாவின் அடுத்த கேள்விக்கு எந்த ஆய்விலும் பதில் இல்லை: "அஞ்சு வாரம் யாருடா சோறு போடுவா?" காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குப் பணம் கட்டுகிறது, சனிக்கிழமைச் சம்பளத்தைக் கட்டுவதில்லை. சில நிமிடக் கதிருக்காக வாரத்தில் ஐந்து நாள், போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. வயிற்றுப்போக்கோடு பஸ்ஸில் வருவது என்ன பாடு என்பதை உடன் போனவன் அறிவேன். பாதியில் நிறுத்துகிறவர்களை அறியாமை என்று ஏசுவது எளிது. கருவிக்குப் பக்கத்திலேயே கூலிக்காரர்களுக்கு ஒரு தங்குமிடம் வேண்டும். ஐந்து நாள் முறை யாருக்குப் பொருந்துமோ அவர்களிடம் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசவும் வேண்டும். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கோயில் வாசலைச் சுத்தம் செய்கிறோம். ஒரு நாளாவது பெண் டாக்டர் ஒருவரை அழைத்துப் போகலாம் அல்லவா?

அத்தைக்கு ஆபரேஷன் முடிந்து நான்கு மாதமாகிறது. வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். அதைச் சேலைக்குள் மறைத்துக் கட்டப் பழகிவிட்டார். போன வாரம் அவருடன் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தனியே வந்து, "எனக்கும் இரத்தம் போகுதுக்கா" என்றாளாம். வரும் திங்களன்று இருவரும் மதுரைக்குப் போகிறார்கள். சீட்டை வாசிக்க நானும் போகிறேன்.